ஸ்தோத்திர பலி என்றால் என்ன? புதிதாகக் கற்பவர்களுக்கு ஒரு விளக்கம்

ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பு நேரம். "அறுவை சிகிச்சையில் கர்த்தர் கூட இருந்ததற்காக ஒரு குடும்பத்தார் செலுத்தும் ஸ்தோத்திரக் காணிக்கை, ரூபாய் 500" என்று வாசிக்கிறார்கள். அடுத்த கவர், பரீட்சையில் தேறிய பிள்ளைக்காக. அதற்கடுத்தது, வெளிநாட்டிலிருந்து பத்திரமாகத் திரும்பியவருக்காக. ஒரு கவருக்கு அரை நிமிடம்கூட ஆவதில்லை. சபைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இங்கே ஒரு கேள்வி எழும். நன்றி என்பது ஒருவர் தேவனோடு தனியே பேசிக்கொள்ளும் காரியம்தானே, அதை ஊர் கேட்க ஏன் வாசிக்க வேண்டும்?

இதற்கான பதில், பழைய ஏற்பாட்டில் பலிச் சட்டங்களைச் சொல்லும் லேவியராகமம் என்ற புத்தகத்தின் 7-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அங்கே சொல்லப்படும் பலியின் அமைப்பைக் கவனித்துப் படித்தால், தேவனுக்கு நன்றி செலுத்துவதும் அவர் செய்ததை அடுத்தவருக்குச் சொல்வதும் ஒரே செயலாகவே கட்டப்பட்டிருப்பது தெரியும். ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை விட்டுவிட முடியாதபடிதான் அந்தச் சட்டமே எழுதப்பட்டிருக்கிறது.

சொல்லிலிருந்து தொடங்குவோம்

தமிழ்ச் சபைகளில் "ஸ்தோத்திரம்" என்ற சொல் ஓயாமல் புழங்குகிறது. வழியில் பார்த்தால் "ஸ்தோத்திரம் பிரதர்" என்கிறோம். ஜெபத்தில் வார்த்தை வராதபோது அதே சொல் வந்து நிற்கிறது. "ஆயிரம் ஸ்தோத்திர பலிகள்" என்று அச்சிட்ட சிறு புத்தகத்தை விடியற்காலையில் வரிசையாகச் சொல்லும் குடும்பங்கள் ஏராளம். நல்ல பழக்கம் அது; துதிக்கத் தெரியாத நாவுக்கு அது ஒரு நடைவண்டி. ஆனால் வேதத்தில் ஸ்தோத்திர பலி என்பது முதலில் ஒரு சொல்வரிசையாக இருக்கவில்லை. ஆடு, மாவு, எண்ணெய், நெருப்பு, ஆட்கள், ஒரு சாப்பாடு: இவ்வளவும் சேர்ந்ததுதான் அது.

எபிரெயத்தில் அதன் பெயர் "தோடா". இன்றைக்கும் இஸ்ரவேலில் கடைக்காரருக்கு நன்றி சொல்ல வேண்டுமென்றால் இந்தச் சொல்தான். இதன் வேர்ச்சொல்லுக்கு நன்றி சொல்லுதல், அறிக்கையிடுதல் என்று இரண்டு பொருளும் உண்டு. யோசுவா 7:19-இல், விலக்கப்பட்ட பொருளைத் திருடி ஒளித்துவைத்த ஆகானைப் பார்த்து, கர்த்தருக்கு முன்பாக அறிக்கைபண்ணு என்று யோசுவா சொல்கிறாரே, அங்கேயும் மூலத்தில் இருப்பது இதே "தோடா"தான். நடந்ததை நடந்தபடி வாய்திறந்து சொல்வது என்பது அடிப்படைப் பொருள். குற்றத்தைச் சொன்னால் பாவ அறிக்கை, உபகாரத்தைச் சொன்னால் ஸ்தோத்திரம். மனதுக்குள் நன்றியாக உணர்ந்தால் போதும் என்ற எண்ணத்துக்கு இந்தச் சொல்லிலேயே இடமில்லை.

துதிக்கும் ஸ்தோத்திரத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கேயே பிடித்துக்கொள்வது நல்லது. தேவன் எப்படிப்பட்டவர் என்பதைச் சொல்வது துதி: பரிசுத்தர், நீதிபரர், இரக்கமுள்ளவர். அவர் எனக்கு என்ன செய்தார் என்பதைச் சொல்வது ஸ்தோத்திரம். நடைமுறையில் இரண்டும் கலந்தே வரும், அதில் பிழையில்லை. ஆனால் ஸ்தோத்திரத்தில் ஒரு சம்பவம் இருந்தாக வேண்டும்.

அந்தப் பலி எப்படி நடந்தது

ஸ்தோத்திர பலி, சமாதான பலியின் ஒரு வகை. சர்வாங்க தகன பலியில் மிருகம் முழுவதும் பலிபீடத்தில் எரிந்துபோகும். சமாதான பலியில் அப்படியில்லை. கொழுப்பு பலிபீடத்தில் கர்த்தருக்கு. மார்க்கண்டமும் (நெஞ்சுப் பகுதி) வலது முன்னந்தொடையும் ஆசாரியருக்கு. மீதி மாம்சம் பலி கொண்டுவந்தவருக்கு. தேவன், ஊழியர், விசுவாசி மூவரும் ஒரே மிருகத்திலிருந்து பங்குபெறும் விருந்து என்று சொல்லலாம்.

ஸ்தோத்திரத்துக்காகச் செலுத்தினால் அதோடு நாலு வகைப் பலகாரமும் வர வேண்டும். எண்ணெயில் பிசைந்த புளிப்பில்லாத அதிரசம், எண்ணெய் தடவிய புளிப்பில்லாத அடை, எண்ணெயில் பிசைந்து வறுத்த மெல்லிய மாவு அதிரசம், இவற்றோடு புளித்த மாவில் செய்த அப்பம். அதிரசம், அடை என்ற சொற்கள் நம்முடைய தமிழ் வேதாகமத்தில் இருப்பவைதான். பாலஸ்தீன நாட்டு ரொட்டிக்கு நம் அடுக்களைப் பெயரை வைத்த அந்த மொழிபெயர்ப்பு, இந்தப் பலி ஒரு பந்தி என்பதைச் சட்டென்று உணர்த்திவிடுகிறது.

புளித்த அப்பம் இதில் இருப்பதைக் கவனியுங்கள். புளித்தமா பலிபீடத்தில் எரிக்கப்படக் கூடாது என்று லேவியராகமம் 2:11 தடுக்கிறது. அப்படியிருக்க, இந்தப் பலியோடு அது கேட்கப்படுகிறது; ஆனால் பலிபீடத்துக்குப் போவதில்லை, மனிதர்கள் சாப்பிட வருகிறது. வீட்டில் அன்றாடம் உண்ணும் ரொட்டியும் இந்த விருந்தில் இடம்பெறுகிறது.

எவ்வளவு மாவு? வேதத்தில் எண்ணிக்கை இல்லை. ஏறத்தாழ கி.பி. 200-இல் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னா கணக்குச் சொல்கிறது. ஒவ்வொரு வகையிலும் 10 வீதம் மொத்தம் 40. மாவு 20 ஓமர். அதில் 10 ஓமர் புளித்த அப்பங்களுக்கு, 10 ஓமர் மற்ற மூன்று வகைக்கும். ஓமர் என்பது எப்பாவில் பத்தில் ஒரு பங்கு, நம் அளவில் இரண்டு லிட்டருக்குச் சற்று மேல். ஆக மொத்தம் 44 லிட்டர் மாவு, எடைக்கு ஏறத்தாழ 25 கிலோ. கடையில் வாங்கும் ஒரு சிப்பம் அரிசியின் எடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வகையிலும் ஒன்றாக நாலு ரொட்டி ஆசாரியருக்குப் போய்விடும். மிச்சம் 36, அதோடு ஒரு ஆட்டின் கறி.

இதற்குப் பிறகு வருகிற கட்டளையில்தான் முழு விஷயமும் இருக்கிறது. லேவியராகமம் 7:15: அந்த மாம்சம் செலுத்தப்படும் நாளிலேயே புசிக்கப்பட வேண்டும், விடியற்காலம்வரை ஒன்றும் வைக்கக் கூடாது. பொருத்தனைக்காகவோ (நேர்ந்துகொண்டதற்காக) உற்சாகமாகவோ (தானாக மனமுவந்து) செலுத்தும் பலியை மறுநாளும் சாப்பிடலாம் என்று அடுத்த வசனமே அனுமதிக்கிறது. ஸ்தோத்திர பலிக்கு மட்டும் ஒரே நாள். மிஷ்னா இன்னும் இறுக்கி, நள்ளிரவோடு முடித்துவிடச் சொல்கிறது.

சாப்பாடு அதிகம், நேரம் குறைவு. ஏன் இப்படி? யூத உரையாசிரியர்கள் பலர் தந்த விளக்கம் எளிமையானது. அப்பாவும் அம்மாவும் நாலு பிள்ளைகளும் உட்கார்ந்து ஒரு ராத்திரியில் 36 ரொட்டியையும் ஒரு ஆட்டையும் தின்று தீர்க்க முடியாது. சொந்தபந்தம், அக்கம்பக்கம், வழிப்போக்கர் என்று கூப்பிட்டே ஆக வேண்டும். வந்து உட்கார்ந்தவர் முதலில் என்ன கேட்பார்? "என்ன விசேஷம்?" என்றுதான் கேட்பார். உடனே, நடந்ததைச் சொல்ல வேண்டியிருக்கும். பாத்திரத்தில் இருக்கிற சாப்பாடே ஆளைக் கூட்டிவந்து சாட்சி சொல்ல வைக்கிறது.

சங்கீதங்களில் அதன் குரல்

பலியோடு சொல்லப்பட்ட வார்த்தைகள் எப்படி இருந்தன என்பதற்கு 116-ஆம் சங்கீதம் நல்ல சான்று. மரணக்கட்டுகள் சுற்றிக்கொண்டன, கூப்பிட்டேன், அவர் கேட்டார். "கர்த்தர் எனக்குச் செய்த எல்லா உபகாரங்களுக்காகவும், அவருக்கு என்னத்தைச் செலுத்துவேன்?" என்ற கேள்வி 12-ஆம் வசனத்தில். பதில் 17, 18-இல்: ஸ்தோத்திர பலி செலுத்துவேன், அதையும் அவருடைய ஜனங்கள் எல்லாருக்கும் முன்பாகச் செய்வேன்.

107-ஆம் சங்கீதம் நாலு வகை மனிதர்களை வரிசையாக நிறுத்துகிறது. வனாந்தரத்தில் வழிதப்பி ஊர் சேர்ந்தவர்கள், சிறையிலிருந்து விடுபட்டவர்கள், வியாதியிலிருந்து எழுந்தவர்கள், கடலில் புயலுக்குத் தப்பியவர்கள். நாலு பேருக்கும் ஒரே கட்டளை: சொல்லுங்கள். வியாதியிலிருந்து எழுந்தவர்களைப் பற்றிய 22-ஆம் வசனம் ஸ்தோத்திர பலியையும் அவருடைய கிரியைகளை விவரிப்பதையும் ஒரே மூச்சில் சொல்கிறது. கி.பி. 70-இல் எருசலேம் ஆலயம் இடிந்த பிறகு பலி நின்றுபோனது. ஆனாலும் இந்த நாலு நிலையைக் கடந்த யூதர் இன்றும் ஜெப ஆலயத்தில் குறைந்தது பத்துப் பேர் முன்னிலையில் நன்றி வாக்கியம் சொல்கிறார், சபை அவருக்கு மறுமொழி சொல்கிறது. பத்துப் பேர் இல்லாவிட்டால் காத்திருக்கிறார்.

புதிய ஏற்பாட்டில் பலி உதடுகளுக்கு வருகிறது. எபிரெயர் 13:15 "உதடுகளின் கனியாகிய ஸ்தோத்திரபலி" என்கிறது. பலரும் இதோடு நிறுத்திவிடுகிறோம். அடுத்த வசனம், நன்மை செய்யவும் தானதர்மம் பண்ணவும் மறவாதிருங்கள், இப்படிப்பட்ட பலிகளின்மேல் தேவன் பிரியமாயிருக்கிறார் என்கிறது. வாயும் கையும் அங்கேயும் பிரியவில்லை.

திருவிருந்தை இந்தக் கண்ணோடு பார்த்தால் புதிதாக ஒன்று தெரியும். ஆதிச் சபை அதற்கு வைத்த கிரேக்கப் பெயர் "யூக்கரிஸ்தியா". நன்றி செலுத்துதல் என்று பொருள். 1 கொரிந்தியர் 11-இல் இயேசு ஸ்தோத்திரம்பண்ணி அப்பத்தைப் பிட்டார் என்று வாசிக்கிறோம்; இரண்டு வசனம் தள்ளி, புசித்துப் பானம்பண்ணும்போதெல்லாம் அவர் மரணத்தைத் தெரிவிக்கிறீர்கள் என்று வருகிறது. நன்றி, உணவு, அறிவித்தல் மூன்றும் ஒரே மேசையில்.

வீட்டில் ஒரு ஸ்தோத்திர ஆராதனை நடத்த

முதலில் எதற்காக என்பதை ஒரே வாக்கியத்தில் தாளில் எழுதுங்கள். "கர்த்தர் செய்த எல்லா நன்மைகளுக்காகவும்" என்று எழுதினால் கேட்பவர் மனதில் எதுவும் நிற்காது. "மார்ச்சில் நடந்த விபத்தில் தம்பி கால் தப்பியதற்காக" என்று எழுதுங்கள். சங்கீதத்தையும் பாட்டையும் ஜெபத்தையும் இந்த ஒரு வாக்கியமே தேர்ந்துகொடுக்கும். வியாதி என்றால் சங்கீதம் 30 அல்லது 103, ஆபத்திலிருந்து தப்பியது என்றால் 34 அல்லது 124, பயணம் என்றால் 121, நெடுநாள் காத்திருந்து கிடைத்தது என்றால் 40.

நாள் தள்ளிப் போடாதீர்கள். மண்டபம் கிடைக்கட்டும், அண்ணன் துபாயிலிருந்து வரட்டும் என்று ஆறு மாதம் போனால் விவரம் மங்கிவிடும். ஸ்தோத்திர ஆராதனை வெறும் விருந்தாக முடியும். இரண்டு வாரத்துக்குள் வைப்பது நல்லது.

நேரம் 45 நிமிடம் போதும். ஒரு கீர்த்தனை, ஆரம்ப ஜெபம், சங்கீதம் மாறி மாறி வாசித்தல், குடும்பத்தாரின் சாட்சி 5 நிமிடம், போதகரோ உபதேசியாரோ தரும் செய்தி 15 நிமிடம், பிறகு ஜெபம், காணிக்கை, ஆசீர்வாதம், சாப்பாடு. பெரும்பாலும் பிசகுவது எங்கே என்றால், செய்தி 40 நிமிடம் நீண்டு, சாட்சி "போதகரே எல்லாம் சொல்லிட்டாங்க" என்று ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. நன்றி சொல்ல வேண்டியவர் வாய் திறக்கவே இல்லை. அழைக்கும்போதே போதகரிடம், "ஐயா, முதல்ல நாங்க சாட்சி சொல்லிடுறோம், அதுக்கப்புறம் நீங்க செய்தி கொடுங்க" என்று சொல்லி வைத்துவிடுங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

காணிக்கைக் கவரில் பெயர் எழுதலாமா? எழுதலாம், எழுதாமலும் இருக்கலாம். ஆனால் காரணத்தை எழுதுங்கள். சபையைக் கட்டியெழுப்புவது காரணம்தான். தொகையால் அது ஆவதில்லை. ஆமோஸ் 4:5-இல் தீர்க்கதரிசி கடுமையாகக் கண்டிப்பது இதைத்தான்: ஸ்தோத்திர பலியையும் உற்சாகப் பலியையும் ஊரறியக் கூறித் தெரியப்படுத்துவது அவர்களுக்குப் பிரியமாகிவிட்டது, ஏழையை ஒடுக்குவது மட்டும் நிற்கவில்லை. தொகையை வாசிப்பதை நிறுத்திவிட்டுக் காரணத்தை மட்டும் வாசிப்பது, 50 ரூபாய் வைத்திருக்கும் விதவைத் தாய்க்கும் கவர் எடுக்கத் தைரியம் தரும். பணமே இல்லாதவருக்கும் வழி உண்டு. சோறு வடிக்கும் ஒவ்வொரு வேளையும் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்துச் சபைக்குக் கொண்டுவரும் பழக்கம் நம் கிராமங்களில் உண்டு. மிசோரத்தில் 1910-இல் பெண்கள் தொடங்கிய இதே பழக்கம் அங்குள்ள சபையின் ஊழியங்களைப் பல தலைமுறையாகத் தாங்கி வருகிறது.

பொருத்தனையையும் ஸ்தோத்திரத்தையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். "இது நடந்தால் அதைச் செய்கிறேன்" என்பது பொருத்தனை. செய்யாமல் விடுவதைவிட நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம் என்று பிரசங்கி 5:5 எச்சரிக்கிறது. ஸ்தோத்திரத்துக்கு முன்நிபந்தனை கிடையாது. கிடைத்த பிறகு, யாரும் கேட்காமல், தானாக வருவது அது.

சாட்சி சொல்வது

பேசிப் பழக்கமில்லாதவர் முதல்நாள் ராத்திரி எழுதி வைத்துக்கொள்ளட்டும். நோட்டில் ஒன்றரைப் பக்கம் வந்தால் 4 நிமிடத்துக்குக் காணும். அமைப்புக்கு அப்போஸ்தலர் 26-ஐப் பாருங்கள். அகிரிப்பா ராஜாவுக்கு முன் பவுல் பேசும்போது முன்பு எப்படி இருந்தேன் என்பது 4 முதல் 11 வரை, என்ன நடந்தது என்பது 12 முதல் 18 வரை, அதன்பின் என்ன செய்கிறேன் என்பது 19-லிருந்து. முன்பு, நடந்தது, இப்போது. பலர் "முன்பு" பகுதியிலேயே 10 நிமிடம் நின்றுவிடுகிறார்கள். குடித்த கதை, அடித்த கதை எல்லாம் விரிவாக வந்து, கர்த்தர் செய்தது கடைசி வரியில் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு மாதிரி பார்ப்போம். பிள்ளைக்கு டெங்கு வந்து சுகமானது. அடிக்கடி கேட்கும் வடிவம் இது:

"டாக்டர்மாரெல்லாம் கைவிட்டுட்டாங்க. இனி ஒண்ணும் செய்ய முடியாதுன்னு சொல்லிட்டாங்க. நாங்க முழங்கால் போட்டோம். அடுத்த நிமிஷமே பிள்ளை எழுந்து உக்காந்துட்டா."

உண்மையில் நடந்தது வேறு. டாக்டர் கைவிடவில்லை; ராத்திரி முழுக்க கூடவே இருந்தார். மிகைப்படுத்திச் சொல்லும்போது, அங்கே வேலை பார்த்த நர்ஸ் இந்த ஆராதனையில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தால் அவர் மனதில் என்ன ஓடும்? கர்த்தருடைய பேரில் சொன்ன பொய் ஆகிவிடாதா? இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"அக்டோபர்ல மகளுக்கு டெங்கு. நாலாம் நாள் பிளேட்லெட் 22,000-க்கு இறங்கிட்டு. நான் ரொம்பப் பயந்தேன். ஜெபம்கூட வரல, 'ஆண்டவரே, ஆண்டவரே'ன்னு மட்டும்தான் சொல்ல முடிஞ்சுது. அன்னைக்கு ராத்திரி ட்யூட்டி டாக்டர் மூணு தடவை வந்து பார்த்தாங்க. எதிர்வீட்டு பாத்திமாக்கா சின்னவனைத் தன் வீட்ல வச்சுக்கிட்டாங்க. ஆறாம் நாள் எண்ணிக்கை ஏற ஆரம்பிச்சுது. இந்த ஆட்களையெல்லாம் எங்களுக்குன்னு அனுப்பினவர் கர்த்தர்னு நான் நம்புறேன். அவருக்கு ஸ்தோத்திரம்."

இரண்டாவதில் எண்ணும் நாளும் உண்டு, பயத்தை ஒப்புக்கொள்வதும் உண்டு, உதவிய மனிதருக்கும் இடம் உண்டு. மருத்துவருக்கு நன்றி சொன்னால் தேவனுடைய மகிமை குறைந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள், குறையாது. அவர் கருவியை மறைக்காமல் அவரைக் காட்டுவதுதான் நேர்மையான சாட்சி.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. அதே அறையில், அதே வியாதியில் பிள்ளையை இழந்த தாய் ஒருவர் இருக்கலாம். "விசுவாசித்தோம், அதனால் கிடைத்தது" என்று சொன்னால், உனக்கு விசுவாசம் போதவில்லை என்று அவரிடம் சொன்னதாகிவிடும். "கிருபையாய்க் கொடுத்தார்" என்று நிறுத்திக்கொள்ளுங்கள். கணவரின் கடன், மருமகளின் கருக்கலைவு போன்ற அடுத்தவர் இரகசியங்களை அவர்களைக் கேட்காமல் சபையில் சொல்லவே கூடாது.

சபைக்கு வெளியே பகிர்வது

லூக்கா 17-இல் சுத்தமான பத்துக் குஷ்டரோகிகளில் திரும்பி வந்தவன் ஒருவன். "மற்ற ஒன்பதுபேர் எங்கே?" என்று கேட்டார் ஆண்டவர். மாற்கு 5-இல் நேர்மாறு. பிசாசின் பிடியிலிருந்து சுகமானவன் இயேசுவோடே இருக்கவே ஆசைப்படுகிறான். அவரோ அவனை வீட்டுக்கு அனுப்புகிறார்: உன் இனத்தாரிடத்தில் போய், கர்த்தர் உனக்கு இரங்கிச் செய்ததையெல்லாம் அறிவி. ஒருவன் வர வேண்டியிருந்தது, ஒருவன் போக வேண்டியிருந்தது. ஸ்தோத்திரத்துக்கு இந்த இரண்டு கால்களும் வேண்டும்.

அனுப்பப்பட்ட இடம் வீடு என்பதைக் கவனியுங்கள். புதிதாகத் தொடங்குகிறவர் மேடை தேட வேண்டியதில்லை. தெரிந்த ஒருவரிடம், அவர் "எப்படிச் சமாளிச்சீங்க?" என்று கேட்கும் நேரத்தில், இரண்டு நிமிடம். 1 பேதுரு 3:15 சொல்வதும் கேட்கிறவனுக்கு உத்தரவு (பதில்) சொல்ல ஆயத்தமாயிருப்பதைத்தான், அதுவும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும். தெரியாத கேள்வி வந்தால் யோவான் 9-இல் பார்வை பெற்றவனைப் போல, நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன், இது ஒன்றுதான் தெரியும் என்று சொல்லிவிடலாம். அதைவிட உறுதியான பதில் கிடையாது.

இந்த நன்றி எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் திருநெல்வேலி சாட்சி. 1903-இல் அங்கே தொடங்கிய இந்திய மிஷனரி சங்கம், தமிழ் விசுவாசிகளின் காணிக்கையில் தெலுங்கு நாட்டு தோர்னக்கல் பகுதிக்கு ஊழியர்களை அனுப்பியது. அதன் தொடக்கத்தில் முன்நின்ற வெள்ளாளன்விளையைச் சேர்ந்த வே. ச. அசரியா 1912-இல் தோர்னக்கல்லின் பேராயரானார். ஞானஸ்நானம் பெற்றவர்கள் தங்கள் தலையில் கைவைத்து, "நான் ஞானஸ்நானம் பெற்றவன், சுவிசேஷத்தைப் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ" என்று சொல்லும்படி அவர் பழக்கினார். பெற்றவர் சொல்லியாக வேண்டும் என்பதை எழுத்தறியாத கூலித் தொழிலாளியும் தன் கையாலேயே தொட்டு உணர்ந்துகொண்டார்.

எங்கே கெட்டுப்போகிறது என்பதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுந்திருக்க முடியாமல் கிடப்பவரிடம் அவர் கேட்காமல் பேசுவது. நிவாரண அரிசியைக் கொடுத்துவிட்டுக் கூட்டத்துக்கு வரச் சொல்வது. அலுவலகத்தில் மேலதிகாரி தன் கீழ் வேலை செய்பவரிடம் வற்புறுத்துவது. பெற்றோர் அறியாமல் பிள்ளைகளிடம் பேசுவது. அடுத்தவர் கும்பிடும் தெய்வத்தை இழிவாகப் பேசுவது. இவை எதுவும் ஸ்தோத்திரம் ஆகாது; நன்றியின் இடத்தில் வெற்றியாசை வந்து உட்கார்ந்துவிட்டது என்று பொருள். நம் அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு மதத்தை எடுத்துச் சொல்லும் உரிமையைத் தருகிறது. அடுத்தவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வேண்டாம் என்கிறவரிடம் நிறுத்திக்கொள்வது சாந்தத்தில் அடங்கும். "பத்துப் பேருக்கு அனுப்பினால் அற்புதம் நடக்கும்" என்ற வாட்ஸ்அப் செய்தியையும் விட்டுவிடுங்கள். அதில் சாட்சியும் இல்லை, நன்றியும் இல்லை.

பந்தி

லேவியராகமத்து விருந்துக்கு மிக நெருக்கமாக நம்மிடம் இருப்பது அசனம். திருநெல்வேலி, தூத்துக்குடிச் சபைகளில் பிரதிஷ்டைப் பண்டிகையிலும் அறுப்பின் பண்டிகையிலும் ஆலய வளாகத்திலேயே அடுப்பு வெட்டி, சோறும் குழம்பும் பொங்கி, ஊரே உட்கார்ந்து சாப்பிடும். புளியம்பட்டி, உவரி போன்ற கத்தோலிக்கத் திருத்தலங்களில் நேர்ச்சையாக அசனம் கொடுப்பவர்கள் உண்டு. பந்தியில் உட்காருகிறவரின் சாதியையும் மதத்தையும் யாரும் கேட்பதில்லை. கேட்டால் அது அசனமே ஆகாது.

வீட்டு ஸ்தோத்திர ஆராதனைக்கு 50 பேர் என்று வைத்துக்கொண்டால் 7 கிலோ அரிசி, 5 முதல் 6 கிலோ ஆட்டுக்கறி கணக்கு சரியாக வரும். கறி சாப்பிடாதவர்களுக்கு சாம்பாரும் ஒரு கூட்டும் தனிப் பாத்திரத்தில், தனிக் கரண்டியோடு. கட்டுப்படியாகாவிட்டால் சுண்டலும் காப்பியும் போதும். சபையாரை மட்டும் அழைக்காதீர்கள். பிள்ளையைப் பார்த்துக்கொண்ட எதிர்வீட்டுக்காரர், ராத்திரியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன ஆட்டோக்காரர், இரத்தம் கொடுத்த பையன், இவர்களெல்லாம் சாட்சியில் வருகிறவர்கள். அவர்களுக்கு முதல் பந்தியில் இடம் போடுங்கள். ஜெபத்தில் கலந்துகொள்ள விரும்பாதவர் சாப்பாட்டு நேரத்துக்கு வந்தால் போதும் என்று அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

ஒன்பது மணிக்கு மேல் சட்டியில் மிச்சமிருக்கும். அதை ஃபிரிட்ஜில் ஏற்ற வேண்டாம். காலைவரை வைக்கக் கூடாது என்ற பழைய கட்டளையை அன்றைக்கு ஒருநாள் எழுத்தின்படியே கைக்கொள்ளுங்கள். பார்சல் கவரும் ரப்பர் பேண்டும் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தால் பதினைந்து நிமிடத்தில் கட்டிவிடலாம். தெருமுனை ஏ.டி.எம். காவலாளிக்கு ஒன்று, ஆஸ்பத்திரியில் இன்னமும் அட்மிட் ஆகியிருக்கிற பக்கத்துக் கட்டில்காரரின் கூட இருப்பவருக்கு இரண்டு. கொண்டுபோய்க் கொடுக்கும்போது சுகமான பிள்ளையையும் கூட்டிப்போங்கள். "என்ன விசேஷம்?" என்று அவர்கள் கேட்பார்கள், பதிலை அவளே சொல்லட்டும்.